அரிப்புக் கோட்டையும் 92ஆம் பந்தியும்

ஜோன் லொக் எழுதிய ‘அரசு பற்றிய இரண்டு ஆய்வுரைகள்’ நூலில், இரண்டாம் ஆய்வுரையின் 92ஆம் பந்தி சிறியது. வரம்பில்லாத அதிகாரம் மனிதனின் கீழ்க்குணத்தைத் திருத்திவிடும் என்று நம்புகிறவர் எந்தக் காலத்து வரலாற்றையாவது படிக்கட்டும் என்று அது தொடங்குகிறது. அத்தகைய ஆட்சி முற்றி விளைந்த நாட்டில் குடிகளுக்கு என்ன பாதுகாப்பு, அங்கே அரசன் எப்படிப்பட்ட தகப்பன் என்று அறிய விரும்புவோர், இலங்கை பற்றி அண்மையில் வந்த விவரத்தைப் பார்த்துக்கொள்ளலாம் என்று முடிகிறது. அந்த விவரத்தை எழுதியவர் பெயரில்லை. அரசன் பெயரில்லை. ஊர் பெயரும் இல்லை.

பல்கலைக்கழகத்தில் இதைப் பரீட்சைக்காகப் படித்துத் தாண்டிப் போனவன் நான். பல வருடம் கழித்து, மன்னார்க் கரையோரத்தின் ஒல்லாந்தர் காலம் பற்றிக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தபோதுதான் அந்த ‘இலங்கை’ என்ற சொல் திரும்ப வந்து உறைத்தது. குடிகளின் சம்மதமே அரசின் அடிப்படை என்று உலகுக்குச் சொன்ன நூலில், நம் நாடு எதிர்மறைச் சாட்சியாக நிறுத்தப்பட்டிருக்கிறது. யாருடைய வாக்குமூலத்தின் பேரில்? அதைத் தேடத் தொடங்கினேன்.

மூன்று நூல்களை மேசையில் வைத்துக்கொண்டேன். முதலாவது பிலிப்பஸ் பால்டேயஸ் எழுதியது. 1658இல் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் பிடித்த ஒல்லாந்தப் படையோடு வந்த பாதிரியார் அவர். மலபார், சோழமண்டலக் கரை, இலங்கை ஆகியவற்றை விவரிக்கும் அவருடைய பெருநூல் 1672இல் ஆம்ஸ்டர்டாமில் அச்சானது. அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 1704இல் வெளியான ஒரு பயணநூல் தொகுதியில் வந்தது. அந்தத் தொகுதியை வெளியிட்ட ஓன்ஷாம் சர்ச்சில்தான் லொக்கின் ‘இரண்டு ஆய்வுரைக’ளையும் வெளியிட்டவர். இந்தப் பொருத்தம் என்னைக் கொஞ்ச நாள் பிடித்து வைத்திருந்தது. ஆனால் லொக்கின் நூல் 1689 கடைசியில், 1690 என்ற ஆண்டை முகப்பில் தாங்கி வந்துவிட்டது. 1672இல் வந்த ஒல்லாந்து நூலை ஆங்கில வாசகனிடம் ‘அண்மையில் வந்தது’ என்று யாரும் காட்டமாட்டார்கள். வரம்பில்லாத ஆட்சி நடத்திய கண்டி அரசன் பால்டேயஸ் நூலின் நடுநாயகமும் அல்லன்.

இரண்டாவது, போர்த்துக்கேயப் படைவீரர் ஜோவாம் ரிபெய்ரோவின் நூல். 1685இல் எழுதி முடிக்கப்பட்டது, முதலில் அச்சானது 1701இல், அதுவும் பிரெஞ்சில். அதை ஒதுக்கிவிட்டேன்.

மிஞ்சியது, கண்டி இராச்சியத்தில் கைதியாக இருந்து தப்பிய ஆங்கிலேயர் ரொபேர்ட் நொக்ஸின் நூல். ‘இலங்கைத் தீவின் வரலாற்று விவரம்’, லண்டன், 1681. லொக் பயன்படுத்திய ‘விவரம்’ என்ற சொல்லே இந்நூலின் தலைப்பில் இருக்கிறது.

தலைப்புப் பொருந்துவது சான்றாகாது. லொக்கின் கையில் அந்நூல் இருந்ததா? இங்கே நமக்கு உதவுவது லொக்கின் சுபாவம். கணக்கிலும் குறிப்பிலும் அவ்வளவு கறாரான மனிதரைச் சிந்தனையாளர்களிடையே காண்பது அரிது. தம் நூல்களுக்கு அவரே அட்டவணை எழுதி வைத்தார். ஏறத்தாழ 3,600 தலைப்புகள், அவற்றில் பயணநூல்கள் மட்டும் ஓர் அலுமாரி நிறைய. அவருடைய கடதாசிகள் உறவினர் பீட்டர் கிங் வழியாக லவ்லேஸ் குடும்பத்தாரிடம் போய், 1947இல் ஒக்ஸ்ஃபோர்டின் பொட்லியன் நூலகத்துக்கு வந்து சேர்ந்தன. அவற்றை ஆதாரமாக வைத்து பீட்டர் லாஸ்லெட் 1960இல் ‘இரண்டு ஆய்வுரைக’ளின் திருத்திய பதிப்பைக் கொண்டுவந்தார். 1688 புரட்சியை நியாயப்படுத்தப் பிற்பாடு எழுதிய நூல் என்று அதுவரை எல்லோரும் நம்பியதை அந்தப் பதிப்பு புரட்டிப்போட்டது. பெரும்பகுதி அதற்குப் பல வருடம் முந்தியே, உயிருக்கு ஆபத்தான நாட்களில் எழுதப்பட்டது என்று லாஸ்லெட் காட்டினார். அந்தக் காலக் கணிப்புக்கு உதவிய சிறு தடயங்களில் ஒன்று நம் 92ஆம் பந்தி. நொக்ஸின் நூல் வெளிவந்த உடனேயே, 1681 ஆகஸ்டில், லொக் அதை வாங்கியிருக்கிறார். ஆக, இலங்கை பற்றிய அந்த வரி அதற்கு முன் எழுதப்பட்டிருக்க முடியாது.

அந்த ஆகஸ்ட் சாதாரண மாதமல்ல. லொக்கின் புரவலரான ஷாஃப்ட்ஸ்பரிப் பிரபு இராசத்துரோகக் குற்றச்சாட்டில் ஜூலை 2ஆம் தேதி கைதாகி லண்டன் கோட்டைச் சிறையில் கிடந்தார். அவருடைய கட்சியைச் சேர்ந்த ஸ்டீபன் காலெஜ் என்ற தச்சரை ஒக்ஸ்ஃபோர்டில் விசாரித்து ஆகஸ்ட் 31ஆம் தேதி தூக்கிலிட்டார்கள். அரசன் குடிகளுக்குத் தகப்பன், தகப்பனைப் பிள்ளைகள் கேள்வி கேட்கலாகாது என்று வாதிட்ட ரொபேர்ட் ஃபில்மரின் நூல் முந்திய வருடம்தான், ஆசிரியர் இறந்து நெடுங்காலத்துக்குப் பிறகு, அச்சேறியிருந்தது. அதற்கு மறுப்பு எழுதிக்கொண்டிருந்த மனிதரின் கையில் கண்டி இராச்சியத்தின் கதை கிடைக்கிறது. ‘தகப்பன்’ என்ற சொல்லை 92ஆம் பந்தியில் அவர் ஏன் அழுத்திச் சொன்னார் என்பது இதைப் பார்த்தால் விளங்கும்.

லொக்கைப் பகுத்தறிவாளர் என்று அழைக்கலாமா என்ற பெயர்ப் பிரச்சினையையும் இங்கே தீர்த்துவிடுகிறேன், பின்னால் சாட்சியத்தைச் சோதிக்கும்போது அது உதவும். டெக்கார்ட், ஸ்பினோசா, லைப்னிற்ஸ் மூவரையும் பகுத்தறிவுவாதிகள் என்றும், லொக்கை அனுபவவாதி என்றும் பாடநூல்கள் இரண்டு பக்கமாக நிறுத்தும். அறிவு எங்கிருந்து பிறக்கிறது என்ற கேள்விக்கு அந்தப் பிரிவினை சரி. ஆனால் எதையும் அறிவு கொண்டு சோதித்தபின்பே ஏற்பது என்று தமிழில் பகுத்தறிவுக்கு நாம் கொள்ளும் பொருளில் லொக் முழுமையான பகுத்தறிவாளர். மனித அறிவு பற்றிய அவருடைய பெரிய கட்டுரையில், இறைவனின் வெளிப்பாடு என்று ஒருவர் சொல்வதைக்கூட அறிவின் முன் நிறுத்தித்தான் ஏற்க வேண்டும் என்று வாதிடுகிறார்.

இனி, நொக்ஸின் கதை.

1659 நவம்பரில் மசூலிப்பட்டினத்துக்கு அப்பால் புயலில் பாய்மரம் இழந்த ‘ஆன்’ என்ற ஆங்கிலக் கப்பல், பழுது பார்ப்பதற்காகத் திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக்குடாவில் ஒதுங்கியது. கப்பல் தலைவரும் அவர் மகனுமாக 16 பேரை 1660இல் கண்டி அரசன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்கள் பிடித்து உள்நாட்டுக்குக் கொண்டுபோனார்கள். மகன் ரொபேர்ட்டுக்கு வயது 19. தகப்பன் 1661 பெப்ரவரியில் காய்ச்சலில் இறந்தார். மகன் தொப்பி பின்னி விற்றார், நெல்லை வட்டிக்குக் கொடுத்தார், மூட்டை சுமந்து ஊரூராக வியாபாரம் செய்தார், சிங்களம் பேசக் கற்றார். ஒரு முதியவரிடம் தற்செயலாகக் கண்ட ஆங்கில பைபிளைப் பின்னிய தொப்பி ஒன்றைக் கொடுத்து வாங்கிக்கொண்டார். இப்படியே 19 வருடங்கள் போயின.

1679 செப்டம்பர் 22ஆம் தேதி அவரும் ஸ்டீபன் ரட்லண்ட் என்ற தோழரும் வியாபாரிகள் போல் வடக்கே புறப்பட்டார்கள். அனுராதபுரம் வந்து, மல்வத்து ஓயாவைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கினார்கள். சிங்களவர் மல்வத்து ஓயா என்பதைத்தான் நாங்கள் அருவியாறு என்கிறோம். யானைக் காடு. ஆற்றோரம் எங்கும் செதுக்கிய கல்தூண்கள் கிடந்ததாக நொக்ஸ் எழுதுகிறார், இன்றும் அந்தப் பக்கம் நடந்தவர்கள் அதை மறுக்கமாட்டார்கள். வன்னிக்குள் வந்ததும் தமிழர் எதிர்ப்பட்டார்கள். இவர்களுக்குத் தமிழ் வராது, சிங்களத்தில் அரைகுறையாகப் பேசிச் சமாளித்தார்கள். கடைசியில் அரிப்பு ஒல்லாந்தர் கோட்டை. அக்டோபர் 18, சனிக்கிழமை, பின்னேரம் நான்கு மணி அளவில் அங்கே சேர்ந்ததாக நொக்ஸ் குறித்து வைத்திருக்கிறார்.

இந்தத் தேதியில்தான் நான் தடுமாறினேன். ஒல்லாந்தர் ஆவணக் குறிப்புகளில் 1679 அக்டோபர் 18ஐ மனத்தில் வைத்துத் தேடியவன், கிழமையைக் கணக்கிட்டுப் பார்க்க மறந்துவிட்டேன். அந்தக் காலத்தில் இங்கிலாந்து பழைய ஜூலியன் நாட்காட்டியிலும் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி புதிய கிரகோரியன் நாட்காட்டியிலும் நடந்தன. இரண்டுக்கும் பத்து நாள் வித்தியாசம். கிரகோரியன் கணக்கில் அக்டோபர் 18 புதன்கிழமை, ஜூலியன் கணக்கில்தான் சனிக்கிழமை. ஆக நொக்ஸ் சொன்னது ஆங்கிலத் தேதி. அரிப்பிலும் மன்னாரிலும் இருந்த ஒல்லாந்தருக்கு அன்று அக்டோபர் 28. இந்தக் காலத்து ஆவணங்களைத் தேடப் போகும் இளம் ஆய்வாளர்கள் இதை முதலிலேயே மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கிழமை பொருந்தியது எனக்கு இன்னொன்றையும் சொன்னது. 19 வருடம் காட்டு நாட்டில் இருந்த மனிதர் தேதியும் கிழமையும் ஒன்றுக்கொன்று முரண்படாமல் எழுதுகிறார். சாட்சி கவனமானவர்.

அரிப்பிலிருந்து இருவரையும் மன்னாருக்கு அனுப்பினார்கள். மன்னார்க் கோட்டைப் படையில் ஒரு ஸ்கொட்லாந்துக்காரரும் ஓர் அயர்லாந்துக்காரரும் இருந்தார்கள், சொந்தத் தீவின் பேச்சை நொக்ஸ் அங்கே கேட்டார். பிறகு கொழும்பு, பத்தாவியா, பாந்தம். 1680 செப்டம்பரில் லண்டன். திரும்பும் கப்பலிலேயே எழுதத் தொடங்கிய குறிப்புகளை நூலாக்க உதவி, முன்னுரையும் எழுதியவர் ரோயல் சொசைட்டியின் ரொபேர்ட் ஹூக். ஹூக்கும் லொக்கும் வெஸ்ட்மின்ஸ்டர் பள்ளியில் ஒரே தலைமை ஆசிரியரிடம் படித்தவர்கள், ஒக்ஸ்ஃபோர்டில் இருவருமே ரொபேர்ட் பொயிலின் ஆய்வு வட்டத்தில் இருந்தவர்கள். அரிப்பிலிருந்து 92ஆம் பந்திக்கு வரும் பாதை இப்படித்தான் ஒவ்வொரு கையாக மாறி வந்திருக்கிறது.

அரிப்புக்கு நான் போனது ஒரு பங்குனி வெயிலில். கோட்டை எங்கே என்று வலை தைத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் கேட்டேன்.

“அல்லிராணிக் கோட்டையத்தானே கேக்கிறியள் தம்பி? அந்தா, கடற்கரையோட.”

“இல்லை ஐயா, ஒல்லாந்தர்ர கோட்டை. அதுக்கும் பழசு.”

“அதோ? அது அங்கால கிடக்கு. அதைப் பாக்க ஆரும் வாறேல்லை.”

அல்லிராணிக் கோட்டை என்று ஊரார் சொல்வது முதல் ஆங்கிலத் தேசாதிபதி பிரெடெரிக் நோர்த் 1801க்கும் 1804க்கும் இடையில் கட்டிய மாளிகை. முத்துக்குளிப்பை மேற்பார்வை பார்ப்பதற்காகக் கட்டியது, கடல் அரித்து அரித்துப் பெரும்பகுதி விழுந்துவிட்டது. குதிரைமலையை ஆண்டதாகச் சொல்லப்படும் அல்லியின் பெயரை ஊர் அதற்குக் கொடுத்துவிட்டது. நொக்ஸ் வந்து நின்ற கோட்டை வேறு. போர்த்துக்கேயர் கட்டியது, 1658க்குப் பின் ஒல்லாந்தர் கைக்கு வந்தது, சதுரமாக, இரண்டே கொத்தளங்களோடு சிறியது. சுவர்களில் ஆலும் அரசும் வேரோடியிருக்கின்றன. வாசல் இருந்த இடத்தில் நின்று ஆற்றுப் பக்கம் பார்த்தேன். ஒரு சனிக்கிழமை பின்னேரம் இரண்டு மெலிந்த மனிதர்கள் இந்தத் திசையிலிருந்துதான் வந்திருப்பார்கள் என்ற நினைப்பு என்னை நெடுநேரம் அங்கேயே நிறுத்திவிட்டது.

பந்தியின் சாட்சி யார் என்று தெரிந்துவிட்டது. சாட்சியம் நம்பத்தக்கதா? இதற்கான அளவுகோலை லொக்கே தருகிறார். பிறர் சொல்வதை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதற்கு மனித அறிவு பற்றிய கட்டுரையின் நான்காம் புத்தகத்தில் அவர் வகுத்த சோதனைகள் இன்றைக்கும் எந்த நீதிமன்றத்திலும் செல்லும். எத்தனை பேர் சாட்சி? அவர்கள் நேர்மையானவர்களா? விஷயம் அறிந்தவர்களா? நூல் என்றால் எழுதியவரின் நோக்கம் என்ன? சொன்னதன் பகுதிகள் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா? எதிர்ச் சாட்சியம் உண்டா? இதோடு இன்னொன்றும் சொல்கிறார்: நேரில் கண்டவரை விட்டு விலகிக் கைமாறக் கைமாறச் செய்தியின் வலு குறைந்துகொண்டே போகும்.

நொக்ஸை இந்த உரைகல்லில் உரைத்துப் பார்த்தேன். நெல் விதைப்பு, குளம், இராசகாரியம், வரி, உணவு, சாவுச் சடங்கு என்று ஊரில் தாம் வாழ்ந்து கண்டதை எழுதும் இடங்களில் அவர் அசைக்க முடியாத சாட்சி. மலைநாட்டு உழவனைக் கலப்பையை விட்டு எழுப்பிச் சேறு கழுவிவிட்டால் நாடாளத் தகுந்தவன் என்ற பொருளில் அந்த மக்களிடம் வழங்கிய ஒரு பேச்சைக்கூடப் பதிந்திருக்கிறார். மனிதர் இயல்பில் சமம் என்று வாதிட வந்த லொக் இதை எடுத்தாளாமல் விட்டது எனக்கு இன்றும் ஆற்றாமைதான்.

அரண்மனைக்குள் நடந்ததைச் சொல்லும் இடங்கள் வேறு. 1664 திசம்பரில் நிலம்பையில் குடிகள் கிளர்ந்தெழுந்து, சிறுவனான இளவரசனை அரசனாக்க முயன்றார்கள். கிளர்ச்சி தோற்றது. இனி மக்கள் நம்பிக்கை வைக்க ஓர் ஆள் இருக்கக்கூடாதென்று இராசசிங்கன் பெற்ற பிள்ளைக்கே நஞ்சூட்டினான் என்று நொக்ஸ் எழுதுகிறார். ஃபில்மரை மறுக்க வந்த ஒருவருக்கு, பிள்ளையைக் கொன்ற தகப்பனை விடப் பொருத்தமான எடுத்துக்காட்டு வேறென்ன வேண்டும்? ஆனால் 1687இல் இராசசிங்கன் இறந்தபின் அரியணை ஏறிய இரண்டாம் விமலதர்மசூரியன் இராசசிங்கனின் மகனே. நொக்ஸ் அரண்மனைக்கு வெளியே, கிராமங்களில் தங்கவைக்கப்பட்ட கைதி. நஞ்சுக் கதை அவர் காதுக்கு வந்த செய்தி, கண்ணால் கண்டதன்று. லொக்கின் சொந்த விதிப்படியே அது வலுக் குறைந்த சாட்சியம். இராசசிங்கன் கொடியவன் அல்லன் என்று நான் சொல்ல வரவில்லை. தண்டனைகளை நொக்ஸ் நேரிலும் கண்டிருக்கிறார். ஆனால் ஒரு நாட்டையே கொடுங்கோலுக்கு முற்றிய உதாரணமாக நிறுத்தும்போது லொக் ஒரேயொரு சாட்சியை வைத்துக்கொண்டு, தம் உரைகல்லை எடுக்காமலே தீர்ப்பு எழுதிவிட்டார் என்பது என் முடிவு.

அந்தச் சாட்சி பிற்பாடு என்ன செய்தார் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். 19 வருடம் சுதந்திரத்துக்கு ஏங்கிய நொக்ஸ், ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பனியின் கப்பல் தலைவராகி, சென்ட் ஹெலனாத் தீவுக்கு அடிமைகளைக் கொண்டுபோக மடகாஸ்கருக்குப் பாய் விரித்தார். மனிதனை மனிதன் உடைமையாக்குவதை இழிவென்று எழுதிய லொக்கும் அடிமை வணிகம் செய்த ரோயல் ஆபிரிக்கன் கம்பனியில் பங்கு வாங்கியவர். இதை எழுதும்போது கை கனக்கிறது. இருவரிடமும் நான் கற்றது அதிகம் என்பதால் மறைத்துவிட முடியாது.

மன்னாருக்கு இன்னொரு கேள்வியும் உண்டு. நொக்ஸுக்கு அரிப்பு விடுதலையின் வாசல். இதே கரையில் அதே ஒல்லாந்தரின் கீழ் வாழ்ந்த கத்தோலிக்கருக்கு அப்படியில்லை. 1658இலேயே கத்தோலிக்கக் குருமாரை ஒளித்து வைப்போருக்கு மரண தண்டனை என்று ஒல்லாந்தக் கம்பனி அறிவித்துவிட்டது. 1670 அளவில் மாந்தையிலிருந்து சுமார் 20 குடும்பங்கள் மாதாவின் திருவுருவத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போய் மருதமடுவில் தங்கினார்கள் என்பது மன்னார்க் கத்தோலிக்கர் வழிவழியாகச் சொல்லும் வரலாறு. நொக்ஸ் ஒல்லாந்தரைத் தேடி அருவியாற்றோரம் மேற்கே நடந்தபோது, ஆற்றுக்கு வடக்கே அந்தக் காட்டில் இவர்கள் ஒல்லாந்தருக்கு ஒளித்து இருந்தார்கள். 1685இல் ஒல்லாந்தில் தலைமறைவாக இருந்த லொக் மதச் சகிப்பு பற்றிய புகழ்பெற்ற கடிதத்தை எழுதினார். ஒருவன் ஆன்மாவின் மேல் அரசுக்கு அதிகாரமில்லை என்று சொன்ன அந்தக் கடிதமே, வேறொரு வேந்தனுக்குக் கட்டுப்பட்டவர்கள் என்று கருதப்பட்டோருக்கு, அதாவது கத்தோலிக்கருக்கு, இடம் கொடுக்கத் தயங்கியது. இராசசிங்கனின் கண்டியைக் கண்ட லொக், தமக்கு அடைக்கலம் தந்த நாட்டின் கம்பனி மன்னாரில் என்ன செய்கிறது என்று பார்க்கவில்லை. அவர் வாங்கிய நூலில் அதற்குச் சாட்சி இல்லை.

எத்தனை சாட்சிகள் என்பதுதான் லொக்கின் முதல் கேள்வி. 1679இன் மன்னார்க் கரைக்கு இதுவரை என் மேசையில் இருப்பது நொக்ஸின் வாக்குமூலம் ஒன்றே. நொக்ஸுக்கு வன்னியில் வழி காட்டியவர்களின் பக்கமும், மடுக் காட்டுக்குப் போனவர்களின் பக்கமும், அரிப்பில் முத்துக் குளித்தவர்களின் பக்கமும் சேர்ந்தால்தான் வழக்கு முழுமை பெறும். மன்னார்த் தீவிலோ மாந்தையிலோ முசலியிலோ உங்கள் வீட்டுப் பெட்டகத்தில், கோயில் அலுமாரியில், பள்ளிவாசல் பெட்டியில் பழைய ஓலையோ தோம்புப் படியோ உறுதியோ பதிவேடோ இருந்தால், கறையான் முந்துவதற்கு முன் எடுத்துப் பாருங்கள். மூலத்தை யாருக்கும் கொடுக்க வேண்டாம், உங்களிடமே இருக்கட்டும். ஒரு படி எடுக்க மட்டும் ஆய்வாளர்களை உள்ளே விடுங்கள்.